பட்டம் வாங்காத பேராசிரியர்

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனை போட்டார்கள். பழைய மாணவர்களும் படிக்கணும், இப்போ படிக்கிற பிள்ளைகளும் படிக்கணும். நிபந்தனை என்றதும் எனக்கு ஞாபகத்துக்கு வந்தவர் ஜார்ஜ் பூல். பூலியன் அல்ஜீப்ராவில் நம்மில் பலர் மார்க் அள்ளியிருக்கிறோம். சிலர் அரியரும் வைத்ததுண்டு. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றி எந்த சிலபஸும் சொன்னதில்லை.

கதைக்குப் போகுமுன் ஒரு சின்ன விஷயம். லிஸ்ப் மொழியை முதல் தடவையாகத் தொடுகிற மாணவருக்கு ஆரம்பத்தில் பொழுதெல்லாம் அடைப்புக்குறி எண்ணுவதிலேயே போய்விடும். அது பழகினதும் 'இஃப்' வரும். அதற்கு மூணு துண்டு: ஒரு கேள்வி, ஆம் என்றால் என்ன மதிப்பு, இல்லை என்றால் என்ன மதிப்பு. பஸ் டிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். கையில் பாஸ் இருந்தால் 10 ரூபாய், இல்லாவிட்டால் 25 ரூபாய். லிஸ்ப்பில் எழுதும்போது அடைப்புக்குறி திறந்து இஃப், பாஸ், 10, 25 என்று வரிசையாகப் போட்டு மூடிவிட வேண்டியதுதான். ஒரே வரி. ஆனால் அந்த ஒரு வரி நம்ம கைக்கு வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதன் முதல் பாதியைக் கண்டுபிடித்தவர், எந்தக் கல்லூரியிலும் மாணவராகப் படிக்காத ஒரு செருப்புத் தைக்கிறவரின் மகன்.

லிங்கன் நகரத்துக் கடை

ஜார்ஜ் பூல் பிறந்தது 1815 நவம்பர் 2-ஆம் தேதி, இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில். அப்பா ஜான் பூலுக்குச் செருப்புத் தைக்கிற தொழில். மனசெல்லாம் தொலைநோக்கியிலும் கணக்கிலும். கண்ணாடி தேய்த்துத் தானே தொலைநோக்கி செய்கிற மனிதர் கடையில் உட்கார்ந்து செருப்பு விற்றால் வியாபாரம் எப்படி நடக்கும்? நடக்கவில்லை. ஆனால் வீட்டில் பணம் இல்லாவிட்டாலும் கேள்வி கேட்கிற பழக்கம் இருந்தது. மூத்த பிள்ளை ஜார்ஜுக்கு முதல் கணக்கு வாத்தியார் அப்பாதான்.

லத்தீன் சொல்லிக் கொடுத்தவர், அதே ஊரில் புத்தகக் கடை வைத்திருந்த ஒரு நண்பர். கிரேக்கத்தைப் பையன் தானாகவே படித்துக்கொண்டான். 14 வயதில் ஒரு கிரேக்கக் கவிதையை மொழிபெயர்த்தான்; அப்பா பெருமையோடு உள்ளூர்ப் பத்திரிகையில் போட வைத்தார். பாராட்டு வருமென்று பார்த்தால் சண்டைதான் வந்தது. இந்த வயதுப் பையன் இதைச் செய்திருக்கவே முடியாது என்று ஒரு பள்ளி ஆசிரியர் அதே பத்திரிகையில் எழுதினார். செருப்புக்கடைப் பிள்ளைக்கு கிரேக்கமா என்கிற மாதிரிதான். இதுபோன்ற கேள்வி நம்மில் எத்தனை பேர் வீட்டுக்கு வந்திருக்கும்!

16 வயதில் குடும்ப பாரம்

1831. அப்பாவின் தொழில் படுத்துவிட்டது. 16 வயது ஜார்ஜ், டான்காஸ்டர் என்ற ஊருக்கு உதவி ஆசிரியராகப் போனார். அன்றிலிருந்து அப்பா, அம்மா, தங்கை, இரண்டு தம்பிகள் எல்லோருக்கும் அவர் சம்பளம்தான் சோறு. 19 வயதில் லிங்கனுக்குத் திரும்பிச் சொந்தமாக ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம். ராத்திரி தனக்குப் பாடம்.

அவர் கணிதத்துக்கு வந்த காரணம் கேட்டால் சிரிப்பு வரும், கொஞ்சம் தொண்டையும் அடைக்கும். கைக்காசுக்கு எந்தப் புத்தகம் அதிக நாள் வரும் என்று பார்த்தாராம். கதைப் புத்தகம் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். கணிதப் புத்தகம் ஒன்று வாங்கினால் மாதக்கணக்கில் ஓடும்! அப்படி பிரெஞ்சு கணித நூல்களை, அந்த மொழியையும் தானே கற்றுக்கொண்டு, வாத்தியார் இல்லாமல் படித்தார். ஒரு பக்கம் புரிய ஒரு வாரம் ஆனாலும் விடவில்லை.

இந்த இடத்தில் லிங்கன் தொழிலாளர் கல்விக் கழகத்தைச் சொல்லியாக வேண்டும். 1833-இல் தொடங்கின இந்தக் கழகத்தில் ஒரு நூலகம் இருந்தது. அதைக் கவனித்துக்கொண்டவர் ஜார்ஜின் அப்பா. ஊர்ப் பெரியவர் சர் எட்வர்ட் புரோம்ஹெட் தன் சொந்தப் புத்தகங்களை இரவல் கொடுத்தார். அந்த அலமாரிகள்தான் ஜார்ஜ் பூலின் கல்லூரி. வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கவும் அவர் தவறவில்லை. அதே கழகத்தில் உழைப்பாளிகளுக்குப் பாடம் நடத்தினார்; கடைச் சிப்பந்திகள் படிக்க நேரம் வேண்டும் என்று, கடைகளைச் சீக்கிரம் அடைக்கச் சொல்லும் இயக்கத்திலும் சேர்ந்து உழைத்தார்.

1841 முதல் அவர் கட்டுரைகள் கேம்பிரிட்ஜ் கணித இதழில் வர ஆரம்பித்தன. அப்படியானால் கேம்பிரிட்ஜுக்கே போய்ப் படித்திருக்கலாமே? அந்த யோசனையும் வந்தது. போனால் பள்ளிக்கூடத்தை மூட வேண்டும். மூடினால் வீட்டில் அடுப்பு எரியாது. போகவில்லை. 1844-இல் ராயல் சொசைட்டியின் தங்கப் பதக்கம் இந்தப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தேடி வந்தது. அந்தச் சங்கம் கணிதத்துக்கென்று கொடுத்த முதல் தங்கப் பதக்கம் அது.

ஒன்றும் பூஜ்யமும்

17 வயதில் டான்காஸ்டரில் ஒரு வயல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது, மனுஷன் யோசிக்கிற விதத்தையே கணக்காக எழுத முடியுமா என்ற எண்ணம் அவருக்குத் திடீரென்று தோன்றியதாக அவர் மனைவி பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அது 14 வருஷம் உள்ளேயே கிடந்தது. 1847-இல் தர்க்கத்தைப் பற்றி இரண்டு அறிஞர்களுக்குள் பெரிய தகராறு வந்தது. அந்த இருவரில் ஒருவர் அகஸ்டஸ் டி மார்கன். தேர்வுக்கு மனப்பாடம் பண்ணினோமே, டி மார்கன் விதி, அதே ஆள்தான். அவர் 1806-இல் பிறந்தது எங்கே தெரியுமா? நம்ம மதுரையில்! கைக்குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இந்தத் தகராறைப் பார்த்து பூலின் பழைய எண்ணம் விழித்துக்கொண்டது. அதே 1847-இல், தர்க்கத்தைக் கணிதமாகப் பிரித்துக் காட்டும் ஒரு சின்ன நூலை வெளியிட்டார்.

அதன் சாரத்தை நம்ம ஹாஸ்டல் கணக்கில் சொல்கிறேன். 'எக்ஸ்' என்றால் ஹாஸ்டலில் இருக்கிறவர்களைப் பொறுக்கி எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஒய்' என்றால் மூன்றாம் வருஷத்துக்காரர்களைப் பொறுக்கி எடுப்பது. எக்ஸையும் ஒய்யையும் பெருக்கினால் ஹாஸ்டலில் இருக்கிற மூன்றாம் வருஷத்துக்காரர்கள். சரி, எக்ஸை எக்ஸாலேயே பெருக்கினால்? ஹாஸ்டல்காரர்களில் ஹாஸ்டல்காரர்களைப் பொறுக்கினால் அதே ஆட்கள்தானே வருவார்கள்! ஆக, எக்ஸின் வர்க்கம் எக்ஸேதான். சாதாரண எண்களில் இந்தச் சமன்பாட்டுக்கு எத்தனை விடை? இரண்டே இரண்டு. பூஜ்யம், ஒன்று. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை. ஒன்று என்றால் எல்லாம். யாரும் உட்கார்ந்து தீர்மானம் போட்டு இந்த இரண்டு எண்ணைத் தேர்ந்தெடுக்கவில்லை; கணக்கே கொண்டுவந்து கொடுத்தது.

அடுத்த விஷயத்தை ஜூனியர்கள் கவனமாகப் படிக்கணும். பூல் ஒரு விரிவாக்கச் சூத்திரம் கொடுத்தார். எக்ஸ் பூஜ்யமாகவோ ஒன்றாகவோ மட்டும் இருக்கும் என்றால், எக்ஸைச் சார்ந்த எந்தச் சார்பையும் இரண்டு துண்டாக எழுதலாம். எக்ஸ் ஒன்றாக இருக்கும்போது வரும் மதிப்பை எக்ஸால் பெருக்கு, எக்ஸ் பூஜ்யமாக இருக்கும்போது வரும் மதிப்பை, ஒன்றிலிருந்து எக்ஸைக் கழித்து வருவதால் பெருக்கு, இரண்டையும் கூட்டு. பஸ் டிக்கெட்டுக்கு வருவோம். பாஸ் இருந்தால் எக்ஸ் ஒன்று. பத்தை ஒன்றால் பெருக்கினால் 10, இருபத்தைந்தைப் பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம், கூட்டினால் 10. பாஸ் இல்லையென்றால் பத்து செத்துப்போகும், 25 நிற்கும். கேள்வி, ஆம் என்றால் ஒரு மதிப்பு, இல்லை என்றால் ஒரு மதிப்பு. இன்றைய கண்ணால் பார்த்தால் இது நம்ம இஃப்தான். மின்சார விளக்குகூட வராத காலத்தில் எழுதியது!

கார்க் கல்லூரி

அயர்லாந்தில் அரசாங்கம் புதிதாகக் கல்லூரிகள் திறக்கப்போகிறது என்று கேள்விப்பட்டு 1846-இல் விண்ணப்பம் போட்டார் பூல். பட்டம் என்ற இடத்தில் எழுத அவரிடம் ஒன்றும் இல்லை. டி மார்கன் உள்ளிட்ட கணித அறிஞர்கள் நற்சான்று கொடுத்தார்கள். லிங்கன் ஊர்க்காரர்களும் கொடுத்தார்கள். பதில் வர மூன்று வருஷம் ஆனது. மகன் பேராசிரியராவதைப் பார்க்க அப்பாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1848 டிசம்பரில் இறந்துவிட்டார். 1849-இல் கார்க் நகரத்துக் குயின்ஸ் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியராக பூல் பொறுப்பேற்றார். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்து, நாடே உடைந்து கிடந்த நேரம். அந்த மண்ணில் புதுக் கல்லூரி, முதல் செட் மாணவர்கள், பட்டம் இல்லாத வாத்தியார்.

அங்கேதான் 1854-இல் அவருடைய பெரிய நூல், சிந்தனையின் விதிகளைப் பற்றியது, வெளியானது. அடுத்த வருஷம் மேரி எவரெஸ்ட் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பெயரைப் பார்த்ததும் சந்தேகம் வரும். சந்தேகம் சரிதான். இந்திய நில அளவைத் துறையின் தலைவராக இருந்தாரே ஜார்ஜ் எவரெஸ்ட், சிகரத்துக்குப் பெயர் கொடுத்தவர், அவருடைய தம்பி மகள் மேரி. மேரிக்கு முதலில் பூல் கணக்கு வாத்தியார்; அப்புறம் கணவர். ஐந்து பெண் குழந்தைகள் பிறந்தன. 1857-இல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது.

மழை

1864 நவம்பர் 24. வீட்டிலிருந்து கல்லூரிக்குச் சுமார் மூன்று மைல். கொட்டுகிற மழை. வகுப்பைத் தள்ளி வைத்திருக்கலாம். பூல் நடந்தே போனார். நனைந்த உடையோடு நின்று பாடம் நடத்தினார். சளி பிடித்து, காய்ச்சலாகி, நுரையீரலைத் தாக்கியது. குளிரால் வந்த நோய்க்குக் குளிர்ச்சிதான் மருந்து என்று நம்பி மனைவி ஈரத் துணியால் போர்த்தினார் என்று சொல்லப்படுகிறது. டிசம்பர் 8-ஆம் தேதி பூல் போய்ச் சேர்ந்தார். வயது 49. கடைசிக் குழந்தைக்கு ஏழு மாதம்கூட ஆகவில்லை.

மேரி ஐந்து பெண்களோடு லண்டனுக்குப் போய், பெண்கள் கல்லூரி ஒன்றில் நூலகர் வேலை பார்த்தார். குழந்தைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பது பற்றிப் புத்தகங்கள் எழுதினார். பிள்ளைகள் சோடை போகவில்லை. அலிசியா கல்லூரியில் படிக்காமலே நாற்பரிமாண வடிவங்களை ஆராய்ந்து, 1914-இல் ஹாலந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் கௌரவ டாக்டர் பட்டம் பெற்றார். லூசி வேதியியலாளர். கடைக்குட்டி எதெல் நாவலாசிரியர். இன்னொரு மகள் மார்கரெட்டின் பிள்ளைதான் மெக்கானிக்கல்காரர்கள் பாய்ம இயக்கவியலில் படிக்கிற ஜி. ஐ. டெய்லர். மூத்த மகளின் வழியில் வந்தவர் ஜெஃப்ரி ஹின்டன். செயற்கை நரம்பு வலைப்பின்னல் ஆராய்ச்சிக்காக 2024-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மிச்சப் பாதி

பூலின் கணிதம் அவர் காலத்தில் எந்த இயந்திரத்துக்கும் பயன்படவில்லை. அவர் இறந்து 73 வருஷம் கழித்து, 1937-இல், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கிளாட் ஷானன் என்ற 21 வயது மாணவர் தன் முதுகலை ஆய்வேட்டில் எழுதினார்: ரிலே சுவிட்ச் மூடினால் பூஜ்யம், திறந்தால் ஒன்று என்று வைத்தால், பூலின் கணிதத்தால் சர்க்யூட்டையே வடிவமைக்கலாம். எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்களின் சோறு அங்கே ஆரம்பித்தது.

இஃப் முழுசாக வந்தது அதற்கும் பிறகு. 1957-58-இல் அதே எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி, ஃபோர்ட்ரான் மொழியில் சதுரங்க நிரல் எழுதிக்கொண்டிருந்தார். அதிலிருந்த நிபந்தனைக் கட்டளை அவருக்குப் பிடிக்கவில்லை. அது இந்த வரிக்குப் போ, அந்த வரிக்குப் போ என்று தாவச் சொல்லுமே தவிர, ஒரு மதிப்பைத் திருப்பித் தராது. எனவே கேள்வி, மதிப்பு, மதிப்பு என்று மூன்றையும் வாங்கிக்கொண்டு ஒன்றைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷனைத் தானே செய்தார். நன்றாக இருந்தது, ஆனால் ஒரு குறை. ஃபங்ஷனுக்குள் போவதற்கு முன்பே இரண்டு மதிப்பையும் கணக்கிட வேண்டியிருந்தது. பூலின் சூத்திரத்திலும் அப்படித்தானே? இரண்டையும் எழுதி, ஒன்றைப் பூஜ்யத்தால் பெருக்கி அழிக்கிறோம். காகிதத்தில் அதனால் நஷ்டமில்லை. இயந்திரத்தில் நேரம் வீண். சில இடத்தில் வேலையே முடியாது.

ஃபேக்டோரியலை வைத்துப் பாருங்கள். எண் பூஜ்யமானால் விடை ஒன்று. இல்லாவிட்டால் எண்ணை, அதற்கு முந்தின எண்ணின் ஃபேக்டோரியலால் பெருக்கு. இரண்டு பக்கத்தையும் எப்போதும் கணக்கிட்டால், பூஜ்யத்துக்கு வந்த பிறகும் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என்று பாதாளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். முதலில் கேள்விக்கு விடை காண், பிறகு தேவையான பக்கத்தை மட்டும் கணக்கிடு, மற்றதைத் தொடாதே. மெக்கார்த்தி சேர்த்தது இது. இதை மையமாக வைத்து லிஸ்ப் பிறந்தது. 1960-இல் அவர் கட்டுரை வெளியானது. பல கேள்விகளை வரிசையாகக் கேட்கும் லிஸ்ப்பின் 'காண்ட்' இந்த வழியில் வந்ததுதான்.

லிஸ்ப்பில் பொய்க்குப் பெயர் 'நில்'. அதுவேதான் வெற்றுப் பட்டியலும். பூலுக்குப் பூஜ்யம் என்றால் ஒன்றுமே இல்லாத தொகுதி; லிஸ்ப்பிலும் ஒன்றுமில்லாததுதான் பொய். நில் தவிர மற்றதெல்லாம் மெய். கொஞ்சம் நின்று யோசித்தால் லிங்கன் நகரத்துச் செருப்புக்கடை தெரியும்.

ஜூனியர்களுக்கு ஒரு பயிற்சி. 'ஆண்ட்', 'ஆர்', 'நாட்' மூன்றையும் இஃப் மட்டும் வைத்து எழுதிப் பாருங்கள். ஆண்டுக்கு வழி சொல்கிறேன்: முதல் கேள்வி ஆம் என்றால் இரண்டாவது கேள்வியின் விடை, இல்லாவிட்டால் நில். மற்ற இரண்டும் உங்கள் பாடு. முடித்தபின் பூலின் விரிவாக்கத்தைக் காகிதத்தில் போட்டுச் சரிபாருங்கள். முதல் தடவை அடைப்புக்குறி இடிக்கும், இடிக்கட்டும். ஒரு பக்கம் புரிய ஒரு வாரம் ஆனாலும் விடாத ஒருவர் போட்ட பாதை இது.

பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பூலுக்கு யாரும் ஸ்காலர்ஷிப் கொடுக்கவில்லை. ஒரு கடைக்காரர் லத்தீன் சொல்லிக் கொடுத்தார், ஒரு பெரியவர் புத்தகம் இரவல் கொடுத்தார், ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். நம்ம கல்லூரிக்கு இப்போதும் வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைகள் நிறைய உண்டு. இந்தத் தடவை சந்திப்புக்கு வரும்போது, வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் நல்ல பாடப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து துறை நூலகத்தில் வையுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரும் பேட்ச் வருஷமும் இருக்கட்டும். எடுத்துப் படிக்கிற பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியணும் இல்லையா?

(கட்டுரையாளர் கணிப்பொறியியல் துறையின் 2012-ஆம் ஆண்டு பேட்ச் மாணவர்.)